ஆறு மணிக்குக் கேட் பூட்டும் கல்லூரி

கேள்வி: என் மகள் பள்ளிப் படிப்பு முழுக்கத் தமிழ் மீடியம். பாலக்காட்டுச் சித்தூரில் டிகிரி முடித்துவிட்டு, இப்போது திருவனந்தபுரத்தில் விடுதியில் தங்கி எம்.எஸ்சி. முதலாண்டு படிக்கிறாள். போன மாதம் நானும் மனைவியும் பார்க்கப் போனோம். சுவரெல்லாம் கொடி, போஸ்டர், கோஷம். இருட்டிய பிறகும் பெண் பிள்ளைகள் பையன்களோடு டீக்கடையில் நின்று பேசுகிறார்கள். மகள் எங்களையும் அங்கே கூட்டிப்போய் எல்லாரையும் அறிமுகம் செய்து வைத்தாள். விடுதி கேட் ஒன்பதரை வரை திறந்திருக்கிறது. மகன் கோவையில் நண்பர்களோடு ரூம் எடுத்துப் படிக்கிறான். அவனைப் பற்றிக் கவலை இல்லை. மகளுக்கு டி.சி. வாங்கி, ஆறு மணிக்குக் கேட் பூட்டும் கல்லூரி ஒன்றில் சேர்த்துவிடலாமா? (கடிதம் சுருக்கப்பட்டது)
– ஒரு தந்தை, கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு மாவட்டம்

பதில்: வேண்டாம். டி.சி. வாங்காதீர்கள்.

உங்கள் முழுக் கடிதத்தையும் இரண்டு முறை படித்தேன். சுவரில் இருந்த கொடிகளின் நிறம் வரை எழுதியிருக்கிறீர்கள். மகளுக்குப் பாடம் புரிகிறதா, விடுதிச் சாப்பாடு ஒத்துக்கொள்கிறதா, அறையில் கூட இருக்கும் பெண் எப்படி என்று ஒரு வரி இல்லை. அவளோடு ஒரு பகல் முழுக்க இருந்திருக்கிறீர்கள். இதையெல்லாம் கேட்டீர்களா?

தமிழ் மீடியத்தில் படித்த பிள்ளை தெற்கே போனால் என்ன ஆகும் என்று எல்லையில் இருக்கிற நமக்குத் தெரிய வேண்டும். பரீட்சை ஆங்கிலத்தில். ஆசிரியர் ஆங்கிலத்தில் ஆரம்பித்து, கஷ்டமான இடம் வந்ததும் விளக்கத்துக்கு மலையாளத்துக்குப் போய்விடுவார். நம் சந்தையிலும் பஸ்ஸிலும் கேட்டுப் பழகிய பாலக்காட்டு மலையாளம் வேறு, திருவனந்தபுரத்துக்காரர்களின் மலையாளம் வேறு. வகுப்பில் பாதி விட்டுப்போகும். விட்டுப்போனதைச் சொல்லித்தர ஆள் வேண்டும், நோட்டு தர ஆள் வேண்டும், தப்பாகப் பேசினால் சிரிக்காத நாலு பேர் வேண்டும். லேப் முடிந்து வெளியே வரும்போதே சாயங்காலம் ஆகிவிடும். அதற்கப்புறம் அந்த நாலு பேரை அவள் எங்கே பார்ப்பாள்? அந்த டீக்கடையில்தான். முதலாண்டிலேயே உங்கள் மகள் அவர்களைச் சம்பாதித்துவிட்டாள். அது மட்டுமல்ல, பெற்றோரை அங்கே கூட்டிப்போய் ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி அறிமுகமும் செய்திருக்கிறாள். ஒளிக்க எதுவும் இல்லாத பிள்ளைதான் அப்படிச் செய்யும். அதற்கு நீங்கள் கொடுக்க நினைப்பது டி.சி. இனி அவள் உங்களுக்கு யாரையாவது அறிமுகம் செய்வாளா?

கொடியும் கோஷமும் உங்களுக்குப் புதிதல்ல. பஞ்சாயத்துத் தேர்தல் வந்தால் கொழிஞ்சாம்பாறைச் சுவர்களும் அப்படித்தான் இருக்கும். கேரளத்தில் மாணவர் அமைப்புகளான கே.எஸ்.யூ. 1957-லும் எஸ்.எப்.ஐ. 1970-லும் தொடங்கியவை, அங்கே படித்த பல தலைமுறைகள் இதைப் பார்த்தே வளர்ந்தன. கல்லூரித் தேர்தலுக்கும் வரம்பு உண்டு. மாணவர் தேர்தலை ஆராய்ந்த லிங்டோ குழுவின் பரிந்துரைகளை உச்ச நீதிமன்றம் 2006-ல் ஏற்று நடைமுறைப்படுத்தச் சொன்னது. அதன்படி, போட்டியிடுகிறவருக்கு அரியர் இருக்கக் கூடாது, 75 சதவீத வருகையாவது இருக்க வேண்டும்.

ஆனாலும் உங்கள் பயத்தை நான் தள்ளிவிட மாட்டேன். நம்மைப் போலவே தமிழ் பேசும் மலைக்கிராமமான வட்டவடையிலிருந்து எர்ணாகுளம் மகாராஜாஸ் கல்லூரிக்குப் படிக்கப் போன மாணவர் ஒருவர், 2018 ஜூலையில் கல்லூரி வளாகத்திலேயே குத்திக் கொல்லப்பட்டார். அந்தச் செய்தி வந்த நாளை நினைத்தால் எனக்கு இன்னும் வயிற்றைப் பிசைகிறது. பயப்படுவது தப்பில்லை. கேட்டைப் பூட்டினால் அந்தப் பயத்துக்கு விடை கிடைத்துவிடும் என்று நம்புவதுதான் தப்பு.

கோட்டயத்தில் அரசு செவிலியர் கல்லூரி விடுதியில் நடந்ததைப் பாருங்கள். 2025 பிப்ரவரியில் சீனியர் மாணவர்கள் ஐந்து பேர் கைதானார்கள். முந்தைய நவம்பரிலிருந்தே முதலாண்டுப் பிள்ளைகளை அவர்கள் கொடுமைப்படுத்தினார்கள் என்பது புகார். அத்தனையும் விடுதிக்கு உள்ளேதான், அதுவும் ஆண்கள் விடுதியில். வயநாட்டில் பூக்கோடு கால்நடைப் பல்கலைக்கழக விடுதியில் 2024-ல் இறந்துபோன மாணவரின் வழக்கும் அப்படிப்பட்டதே. மாதக் கணக்கில் ஒரு பிள்ளை அடியும் அவமானமும் தாங்கிக்கொண்டு வாய் திறக்காமல் இருப்பதற்குப் பல காரணம் உண்டு. அதில் ஒன்றைப் பெற்றோர்தான் உண்டாக்குகிறோம். வீட்டில் சொன்னால் ‘போதும் படிச்சது, கிளம்பி வா’ என்பார்கள் என்ற பயம் அது. டி.சி. என்ற பேச்சு உங்கள் வீட்டில் ஒருமுறை எழுந்துவிட்டால், நாளைக்கு அவளுக்கு உண்மையாகவே ஒரு கஷ்டம் வரும்போது கடைசியாகத் தெரிந்துகொள்கிறவர் நீங்களாகத்தான் இருப்பீர்கள்.

அப்புறம், உங்கள் மகன். அவன் தங்கியிருக்கும் ரூமுக்குக் கேட்டும் இல்லை, வார்டனும் இல்லை. இரவு எத்தனை மணிக்கு வருகிறான், யாரோடு சுற்றுகிறான் என்று யாரும் குறித்து வைப்பதில்லை. அவனைப் பற்றிக் கவலை இல்லை என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். இதே கேள்வியைத்தான் கோழிக்கோடு மருத்துவக் கல்லூரி மாணவிகள் 2022-ல் உயர் நீதிமன்றத்துக்குக் கொண்டுபோனார்கள். ஒன்பதரைக்கு மேல் கட்டுப்பாடு எங்களுக்கு மட்டும் ஏன் என்று கேட்டார்கள். அந்த டிசம்பரில், ஆண் பெண் இரண்டு விடுதிகளுக்கும் ஒரே விதி என்று அரசு ஆணை போட்டது. நீங்கள் தாராளம் என்று நினைக்கும் ஒன்பதரை, அந்தப் பிள்ளைகளுக்கு லைப்ரரியில் படித்துக்கொண்டிருக்கும்போது எழுந்து ஓட வேண்டிய நேரம்.

சரி, என்ன செய்யலாம்? வார்டன் நம்பரையும் துறைத் தலைவர் நம்பரையும் வாங்கி வையுங்கள். அவளைக் கேட்டுவிட்டே வாங்குங்கள். ராகிங் புகாருக்கு நாடு முழுவதற்குமான இலவச எண் 1800-180-5522. அதை மகளின் போனிலும் மகனின் போனிலும் பதிந்து வைக்கச் சொல்லுங்கள். தினமும் ‘எங்கே இருக்கே’ என்று கேட்பதை நிறுத்திவிட்டு, அன்றைக்கு வகுப்பில் என்ன நடந்தது என்று கேளுங்கள். கெமிஸ்ட்ரியோ கணக்கோ, உங்களுக்குப் புரியாவிட்டாலும் கேளுங்கள். ‘எது நடந்தாலும் முதலில் எனக்குப் போன் பண்ணு, படிப்பை நிறுத்த மாட்டேன்’ என்று உங்கள் வாயால் அவளிடம் சொல்லுங்கள். கடிதத்தில் உங்கள் மனைவி என்ன நினைக்கிறார் என்று எங்கேயும் இல்லை. அவரையும் கேளுங்கள். அடுத்த முறை அவர் தனியாகப் போய் மகளோடு இரண்டு நாள் இருந்துவிட்டு வரட்டும்.