பகிர்கிறவர் எழுதும் ஒரு வரி

வணக்கம் சார்,

நான் இன்னும் செய்தியோடைத் திரட்டியில், அதாவது பல தளங்களின் புதுப் பதிவுகளை ஓடைகளாக ஒரே இடத்தில் சேர்த்துக் காட்டும் கருவியில், படிக்கிற பழைய ஆள். கூகுள் ரீடரில் ஆரம்பித்தது, அதை மூடியதும் ஃபீட்லிக்குப் போய், அங்கிருந்து வேறொன்றுக்குத் தாவி, இன்றுவரை விடவில்லை. அறிவியல், தொழில்நுட்பம், அப்புறம் உலகத்தில் எங்கெங்கோ நடக்கும் விசித்திரங்கள் என்று எக்கச்சக்கமான ஓடைகளைச் சேர்த்து வைத்திருக்கிறேன். சுவாரசியமாக எது கண்ணில் பட்டாலும் உடனே நண்பர்கள் குழுவில் போட்டுவிடுவேன். முன்பெல்லாம் ஒரு சுட்டி போட்டால் அதன் கீழே விவாதமே நடக்கும். இப்போது ஒரு கட்டைவிரல் வருகிறது, அதோடு சரி. "நீ அனுப்புறது எல்லாமே எனக்கு ஏற்கெனவே வேற எங்கேயாவது வந்துடுது" என்று ஒரு நண்பர் சொல்லியேவிட்டார். இந்தக் குப்பையெல்லாம் சேர்த்து என்ன செய்யப்போகிறீர்கள் என்று வீட்டில் கேட்கிறார்கள்.

இப்படிப் பகிர்வதில் இன்னும் அர்த்தம் இருக்கிறதா? பகிரும்போது நம் கருத்தையும் சேர்க்க வேண்டுமா, அல்லது செய்தியை மட்டும் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்வதுதான் நாகரிகமா? படிக்காதவற்றின் எண்ணிக்கை ஆயிரத்தைத் தாண்டி நிற்கிறது. அதற்கும் ஒரு வழி சொல்லுங்கள்.

அன்புடன்,
ச.

அன்புள்ள ச.,

உங்கள் நண்பர் சொன்னது சரி. கொஞ்சம் முகத்திலடித்தாற்போல் சொல்லியிருக்கிறார், ஆனால் சரி. ஒரு காலத்தில் நீங்கள் அனுப்பாவிட்டால் அந்தச் செய்தி அவருக்கு வந்திருக்காது. இன்றைக்கு அதே செய்தி அவருக்கு நாலு வழியில் வருகிறது, அதில் மூன்று அவர் கேட்காமலேயே வருகிறது. அவருக்கு வேறு எங்கிருந்தும் வராத ஒன்று இருக்கிறது. அன்று காலை உங்கள் கண் முன்னால் ஓடிப்போன அத்தனை தலைப்புகளில் நீங்கள் ஏன் அந்த ஒன்றில் நின்றீர்கள் என்பது. அதை மட்டும் நீங்கள் அனுப்பாமல் வைத்துக்கொண்டு, மற்றதை அனுப்பிக்கொண்டிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன்.

கூகுள் ரீடர் காலத்தைச் சொன்னீர்கள். அந்த ஏக்கம் எல்லோருக்கும் இருக்கிறது, ஆனால் எதற்காக ஏங்குகிறோம் என்பதைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்கலாம். அது வந்தது 2005 அக்டோபரில். அடுத்த ஆண்டே பகிரும் வசதி வந்தது. நீங்கள் பகிர்ந்தவையெல்லாம் ஒரு பக்கத்தில் சேரும், அந்தப் பக்கத்துக்கே தனியாக ஓர் ஓடை உண்டு, யார் வேண்டுமானாலும் அதற்குச் சந்தா போட்டுக்கொள்ளலாம். அதாவது ஒருவருடைய ரசனையையே ஓர் ஓடையாகப் படிக்க முடிந்தது. 2008இல் பகிர்வோடு குறிப்பு எழுத முடிந்தது, 2009இல் அதன் கீழே நண்பர்கள் பேச முடிந்தது. இங்கே கவனிக்க வேண்டியது, அந்தப் பேச்சு அந்தச் செய்தித்தளத்தின் அடியில் முகம் தெரியாதவர்கள் போடும் சண்டை இல்லை. உங்கள் பகிர்வின் கீழே, உங்களைத் தெரிந்தவர்கள் மட்டும். ஒரே கட்டுரைக்கு என் வட்டத்தில் ஒரு பேச்சு நடக்கும், உங்கள் வட்டத்தில் முற்றிலும் வேறொரு பேச்சு நடக்கும், இரண்டும் ஒன்றையொன்று பார்க்காது. இன்றைக்கு எல்லாம் ஒரே மைதானத்தில் நடப்பதால்தான் இத்தனை கூச்சல்.

ரீடர் செத்தது 2013 ஜூலை 1 என்று எல்லோரும் எழுதுகிறார்கள். என்னைக் கேட்டால் 2011 அக்டோபர் 31. அன்றுதான் பகிர்வு, நண்பர்கள், பேச்சு எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டு தங்கள் புதிய சமூக வலைத்தளமான கூகுள் பிளஸின் பொத்தானை ஒட்டினார்கள். அதற்கு முன்பே வாஷிங்டனில் கூகுள் அலுவலகத்துக்கு வெளியே சிலர் பதாகையோடு நின்றார்கள், ஒரு திரட்டிக்காக! ஈரானிலிருந்து நிறையப் பேர் எழுதிக் கெஞ்சினார்கள். அங்கே தளங்களுக்குத் தடை இருந்தது, ரீடர் வழியாக வந்தால் கட்டுரை கூகுளின் சர்வரிலிருந்து வந்துவிடும், பேச்சும் அங்கேயே நடக்கும். நமக்குப் பொழுதுபோக்காக இருந்தது அவர்களுக்கு ஜன்னலாக இருந்திருக்கிறது. அதற்குப் பிறகு மிச்சமிருந்தது படிக்கும் கருவி மட்டும்தான், அதற்கு மாற்று அப்போதும் இருந்தது, இப்போதும் இருக்கிறது.

இன்னொரு சம்பவமும் உண்டு. 2007 டிசம்பரில், ரீடரில் நீங்கள் பகிர்ந்தவை உங்கள் அரட்டைத் தொடர்புகளில் இருக்கும் எல்லோருக்கும் தானாகவே தெரியும்படி மாற்றினார்கள். பயங்கர எதிர்ப்பு. தொழில்நுட்பரீதியாகப் பார்த்தால் அந்தப் பக்கம் ஏற்கெனவே பொதுவில் இருந்ததுதான், முகவரி தெரிந்த யாரும் பார்க்கலாம். ஆனால் ஒரு நண்பருக்காகப் பகிர்ந்ததை மேலதிகாரி பார்ப்பது வேறு விஷயம் அல்லவா? பகிர்வு என்பது எப்போதும் யாரோ ஒருவரை மனதில் வைத்துச் செய்வதுதான். உங்கள் குழுவில் இருக்கும் முப்பது பேரையும் ஒரே நேரத்தில் மனதில் வைக்க முடியாது, வைத்தால் அந்தப் பகிர்வில் யாருக்கும் எதுவும் இருக்காது.

சரி, கருத்து சேர்க்கலாமா என்ற கேள்விக்கு வருகிறேன். சேருங்கள், கட்டாயம் சேருங்கள். வெறும் சுட்டியைப் போட்டுவிட்டு ஒதுங்குவதில் எந்த நாகரிகமும் இல்லை, வேலையை அடுத்தவர் தலையில் கட்டுவதுதான் அது. ஆனால் கருத்து என்றால் 'அருமை', 'அடப்பாவிகளா', 'உலகம் எங்கே போகிறது' இவையெல்லாம் இல்லை. நான் சொல்வது படித்தவர் மட்டுமே எழுதக்கூடிய ஒரு வரி. எந்தப் பத்தி முக்கியம், தலைப்பு எங்கே மிகைப்படுத்துகிறது, உங்களுக்கு இதில் தனியாக என்ன தெரியும், எது நம்பும்படி இல்லை. ஒரு வரி போதும், மிஞ்சினால் மூன்று. 1997 டிசம்பரில் ஜோர்ன் பார்கர் என்பவர் தன் பக்கத்தை 'வெப்லாக்' என்று அழைக்க ஆரம்பித்தாரே, அந்தப் பக்கமே இப்படித்தான் இருந்தது: தினமும் சில சுட்டிகள், ஒவ்வொன்றுக்கும் ஓரிரு சொல் குறிப்பு. கட்டுரையாகவும் நாட்குறிப்பாகவும் வலைப்பதிவு வளர்ந்தது பிறகுதான். அதனால் நீங்கள் செய்துகொண்டிருப்பது ஏதோ அரைகுறை வேலை என்று எண்ண வேண்டாம். மூத்த வடிவமே அதுதான்.

படித்துவிட்டுப் பேசுவது எவ்வளவு அரிது என்பதற்கு, 2014 ஏப்ரல் 1 அன்று அமெரிக்காவின் என்பிஆர் வானொலி செய்த குறும்பு இன்னும் எனக்குப் பிடித்தது. 'அமெரிக்கர்கள் ஏன் இப்போதெல்லாம் படிப்பதில்லை?' என்று தலைப்பு வைத்து ஒரு சுட்டியை ஃபேஸ்புக்கில் போட்டார்கள். உள்ளே போனால் கட்டுரையே கிடையாது. 'தலைப்பை மட்டும் பார்த்துவிட்டுச் சிலர் கருத்து எழுதுகிறார்கள் என்று எங்களுக்குச் சந்தேகம், இதைப் படித்துவிட்டீர்கள் என்றால் தயவுசெய்து கருத்து எழுதாதீர்கள், வேடிக்கை பாருங்கள்' என்ற தொனியில் ஒரு சின்னக் குறிப்பு, அவ்வளவுதான். வெளியே கருத்துகள் குவிந்தன, நாங்கள் படிக்கத்தான் செய்கிறோம் என்று கோபமாகச் சொன்னவர்கள் உட்பட.

விசித்திரச் செய்திகளைப் பற்றி வீட்டில் கேட்கிறார்கள் என்றீர்கள். வீட்டு விவகாரத்தில் நான் தலையிடப் போவதில்லை, ஆனால் உங்கள் பக்கம் ஒரு சாட்சி சொல்கிறேன். 1997இல் நெதர்லாந்தின் நைமேகன் நகரில் ஒரு தவளையைக் காந்தப்புலத்தில் அந்தரத்தில் மிதக்கவிட்டார்கள். அந்தப் படத்தோடு 'பறக்கும் தவளை' என்று அனுப்பினால் அது வேடிக்கை, ஒரு கட்டைவிரலோடு முடிந்தது. அதோடு ஒரு வரி சேர்த்துப் பாருங்கள்: நீரும் காந்தத்தால் மிக மெலிதாக விலக்கப்படும் பொருள்தான், தவளையின் உடம்பில் பெரும்பகுதி நீர்தான், காந்தம் போதுமான வலுவோடு இருந்தால் அதைத் தூக்கிவிடலாம், அதற்கு அவர்கள் பயன்படுத்தியது சுமார் 16 டெஸ்லா (காந்தப்புல வலுவின் அலகு). இப்போது படிக்கிறவருக்கு உடனே கேள்வி வரும். மனிதனையும் தூக்கலாமா? தவளைக்கு ஒன்றும் ஆகவில்லையா? (ஆகவில்லை.) பேச்சு ஆரம்பித்துவிட்டது. அந்தச் சோதனைக்காக ஆந்த்ரே கெய்முக்கும் மைக்கேல் பெரிக்கும் 2000இல் இக்நோபல் பரிசு கொடுத்தார்கள். முதலில் சிரிக்கவும் பிறகு யோசிக்கவும் வைக்கும் ஆராய்ச்சிகளுக்காக 1991 முதல் தரப்படும் பரிசு அது. அதே கெய்ம் 2010இல் ஒரே ஓர் அணு தடிமனுள்ள கரிமத் தாளான கிராஃபீனுக்காக, நோவோசெலோவோடு சேர்ந்து, அசல் நோபலையே வாங்கினார். கிராஃபீனை எப்படிப் பிரித்தார்கள் என்று நினைக்கிறீர்கள்? பென்சில் முனையில் இருக்கிற கிராஃபைட்டின் மேல் சாதாரண ஒட்டும் டேப்பை ஒட்டி ஒட்டி உரித்து. தவளையைக் குப்பை என்று ஒதுக்கியவர்கள் டேப்பையும் ஒதுக்கியிருப்பார்கள்.

ஆனால் விசித்திரச் செய்திகளுக்கு ஒரு வியாதி உண்டு, நெடுந்தூரம் பயணம் செய்தால் கெட்டுப்போகும். உள்ளூர்ப் பத்திரிகையில் இடம், தேதி, போலீஸ் சொன்னது எல்லாம் சரியாக இருக்கும். அதை ஒரு பெரிய தளம் சுருக்கும், அதை இன்னொன்று திருத்தி எழுதும், ஒவ்வொரு கையிலும் ஒரு விவரம் உதிரும், கடைசியில் தேதி போய்விடும். தேதி போன விசித்திரம் சாகாது, சில ஆண்டுகளுக்கு ஒருமுறை 'நேற்று நடந்தது' என்று எழுந்து வரும். பெரிய பத்திரிகைகளும் இதற்கு விதிவிலக்கில்லை. 2012இல் தி ஆனியன் என்ற கேலித்தளம் வடகொரியாவின் கிம் ஜாங் உன்னை உலகின் கவர்ச்சியான ஆண் என்று அறிவித்ததை, சீனாவின் பீப்பிள்ஸ் டெய்லி இணையப் பதிப்பு மெய் என்று நம்பி 55 படங்களோடு வெளியிட்டது. ஓர் ஆளும் கட்சியின் அதிகாரபூர்வப் பத்திரிகை! அதனால் பகிர்வதற்கு முன்னால் செய்தியின் அடியில் 'நன்றி', 'வழியாக' என்று இருக்கும் சுட்டியைப் பிடித்துக்கொண்டு பின்னோக்கி நடந்து, முதலில் எழுதியவரின் பக்கத்தை அனுப்புங்கள். உங்களுக்குக் காட்டிக்கொடுத்தவரின் பெயரையும் ஒரு சொல்லில் போட்டுவிடுங்கள், அது மரியாதை.

திரட்டிக்கே உரிய ஒரு பொறியும் இருக்கிறது. ஓடையில் முதலில் வந்த வடிவத்தைத் திரட்டி சேமித்துவிடும். பிறகு பத்திரிகை தலைப்பையோ எண்ணையோ திருத்தினால் அது உங்களிடம் வரலாம், வராமலும் போகலாம். சில திரட்டிகள் சத்தமில்லாமல் மாற்றிவிடும், சில பழையதையே காட்டிக்கொண்டிருக்கும். பகிர்வதற்கு முன் ஒருமுறை அசல் பக்கத்தைத் திறந்து பாருங்கள். பாதி அபத்தங்கள் அங்கேயே நின்றுவிடும்.

படிக்காதவற்றின் எண்ணிக்கைக்கு மருந்து சுலபம்: 'எல்லாம் படித்ததாகக் குறி' என்ற பொத்தானை அழுத்துங்கள். விளையாட்டாகச் சொல்லவில்லை. மின்னஞ்சல் பெட்டியைப் பார்த்துத் திரட்டிகளை வடிவமைத்ததால் வந்த வினை அந்த எண். மின்னஞ்சல் உங்களுக்கென்று எழுதியது, அதற்குப் பதில் பாக்கி உண்டு, செய்தி அப்படியில்லை. இந்த ஓடைகளுக்கு அடிப்படையான ஆர்எஸ்எஸ் வடிவத்தை வளர்த்தவர்களில் ஒருவரான டேவ் வைனர், செய்தி ஆறு மாதிரி ஓடட்டும், கரையில் நிற்கும்போது தெரிவதைப் படித்தால் போதும் என்று வெகுகாலமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். ஆனால் அதை அப்படியே ஏற்றால் ஒரு நஷ்டம் இருக்கிறது. நாளுக்கு நூறு போடும் செய்தித்தளமும், மாதம் ஒன்று எழுதும் தனிமனிதரும் ஒரே ஆற்றில் விழுந்தால் இரண்டாமவர் மூழ்கிவிடுவார், நீங்கள் பகிர்வதற்குத் தகுந்த விஷயம் பெரும்பாலும் அவரிடம்தான் இருக்கும். அரிதாக எழுதுகிறவர்களைத் தனிக் கோப்புறையில் மேலே வையுங்கள், அதில் ஒன்றையும் விடாதீர்கள். செய்தித்தளங்களின் முழு ஓடையை எடுத்துவிட்டு, உங்களுக்கு வேண்டிய பகுதியின் ஓடையை மட்டும் போடுங்கள். ஆயிரம் நூறாகிவிடும்.

கடைசியாக இடம். அரட்டைக் குழு இதற்குச் சரியான இடமில்லை. காலையில் போட்டது மதியத்துக்குள் பிறந்தநாள் வாழ்த்துகளுக்கு அடியில் போய்விடும், மாலையில் வருகிறவர் அதை எடுத்துப் பேச முடியாது. தி ஓல்ட் ரீடர் என்று ஒரு திரட்டி இருக்கிறது, 2011இல் கூகுள் பிடுங்கியதைத் திரும்பக் கொண்டுவரவே கட்டினார்கள், பகிர்வும் பின்னூட்டமும் உண்டு. நியூஸ்பிளர் என்ற இன்னொரு திரட்டியில் நீங்கள் பகிர்பவை தனிப் பக்கமாகவே சேரும், அதற்கு ஓடையும் உண்டு. நாலைந்து நண்பர்களை அங்கே இழுக்க முடிந்தால் இழுங்கள். முடியாவிட்டால் சொந்தமாக ஒரு சுட்டிப் பக்கம் ஆரம்பித்து, ஒவ்வொன்றுக்கும் உங்கள் வரியை எழுதி வையுங்கள், குழுவுக்கு வாரம் ஒன்றோ இரண்டோ அனுப்புங்கள், அதையும் யாருக்கு என்று பெயர் சொல்லி. எந்தத் திரட்டிக்குப் போனாலும் உங்கள் ஓடைப் பட்டியலை ஓபிஎம்எல் கோப்பாக (வேறு திரட்டிக்கு மாற்றிக்கொள்ள உதவும் பட்டியல் வடிவம்) இறக்கி உங்கள் கணினியில் ஒரு பிரதி வைத்திருங்கள், இருபது வருட வரலாற்றைப் பார்த்தால் இதிலெல்லாம் எதை எப்போது மூடுவார்கள் என்று சொல்ல முடியாது.

பக்கம் ஆரம்பித்தால் அதன் ஓடை முகவரியை எனக்கு அனுப்புங்கள், அரிதாக எழுதுகிறவர்கள் கோப்புறையில் சேர்த்துக்கொள்கிறேன். நாளுக்கு நாற்பது போட ஆரம்பித்தீர்களானால் அங்கிருந்து எடுத்துவிடுவேன்.

அன்புடன்.