தோப்புப் பத்திரம் பீரோவிலேயே இருக்கட்டும்

கேரள எல்லையில் இருக்கும் கொழிஞ்சாம்பாறையிலிருந்து ஓர் அம்மா, மேற்படிப்புக்கு யோசனை கேட்டுப் போன வாரம் மகளோடு என்னிடம் வந்திருந்தார். மகள் பத்தாவது வரை தமிழ் மீடியம், அப்புறம் பிளஸ் டூவில் சயன்ஸ் குரூப். நீட் இரண்டாவது தடவையும் கைகொடுக்கவில்லை. பொள்ளாச்சி மாமா வெளிநாட்டு எம்பிபிஎஸ்ஸுக்கு 25 லட்சம் என்று ஏஜென்ட்டிடம் பேசி முடித்துவிட்டாராம். தென்னந்தோப்பை அடமானம் வைத்தால் போதுமாம். "டாக்டர் வீடுன்னு நாலு பேர் சொல்லணும்ல சார்" என்றவருக்குக் கண் கலங்கிவிட்டது.

தண்ணீர் கொடுத்தேன். அதற்கு மேல் ஆறுதல் சொல்ல மனம் வரவில்லை. தோப்பில் கை வைக்காதீர்கள் அக்கா. வெளிநாட்டில் படித்துவிட்டு வந்தாலும், அப்படிப் படித்தவர்களுக்கான எஃப்எம்ஜிஇ என்ற தகுதித் தேர்வில் தேறாமல் இங்கே வைத்தியம் பார்க்க முடியாது. எழுதுகிறவர்களில் பெரும்பாலோர் தேறுவதில்லை. ஆனால் வட்டி மாதாமாதம் வந்து நிற்கும்.

வீட்டில் என்ன செய்யப் பிடிக்கும் என்று மகளிடம் கேட்டேன். பக்கவாதம் வந்து வாய் குழறும் பாட்டிக்கு அவள்தான் துணையாம். "தண்... தண்..." என்று பாட்டி தவிக்கும்போது மற்றவர்கள் சட்டென்று சொல்லை எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். இவள் செம்பை முன்னால் வைத்துவிட்டு, பாட்டியே சொல்லட்டும் என்று காத்திருப்பாளாம். யாரும் சொல்லித் தராமல் வந்த பொறுமை அது. பேச்சுப் பயிற்சி படிப்பைப் பற்றி அப்போதுதான் ஆரம்பித்தேன்.

பிஏஎஸ்எல்பி என்பது காது கேட்பதிலும் பேச்சிலும் வரும் குறைகளைச் சோதித்துப் பயிற்சி கொடுக்கக் கற்றுத்தரும் பட்டப்படிப்பு, இன்டர்ன்ஷிப்போடு சேர்த்து 4 வருஷம். திக்குவாய், அண்ணப்பிளவு, ஆட்டிசம், காது கேட்க உள்காதில் காக்ளியர் இம்பிளான்ட் கருவி வைத்த குழந்தை, பக்கவாதத்தில் விழுங்கவே சிரமப்படும் பெரியவர் என்று எல்லோரும் இதைப் படித்தவர்களிடம்தான் வருகிறார்கள். உங்கள் பாலக்காடு மாவட்டத்திலேயே ஷொர்ணூரில் இந்தப் படிப்பு உள்ள ஐகான்ஸ் நிறுவனம் இருக்கிறது. திருவனந்தபுரம் ஆக்குளத்தில் நிஷ் என்ற பேச்சு, செவித்திறன் நிறுவனம். கேரளத்தில் இந்தப் படிப்புக்கு எல்பிஎஸ் சென்டர் என்ற அரசு அமைப்பின் வழியாக அலாட்மென்ட் நடக்கிறது. மைசூருவில் இருக்கும் மத்திய அரசின் பேச்சு, செவித்திறன் நிறுவனமான ஐஷ் தனியாக நுழைவுத் தேர்வு வைக்கிறது.

இன்னொன்று சொல்கிறேன். நாலு வயதாகியும் 'காக்கா'வைத் 'தாத்தா' என்று சொல்லும் குழந்தையைப் பார்த்து வீட்டில் சிரிப்பார்கள். நாக்கின் பின்பக்கம் எழும்ப வேண்டிய இடத்தில் நுனி போய்ப் பல்லைத் தொடுகிறது, அவ்வளவுதான். அதைத் திருத்த, குழந்தை வீட்டில் பேசும் மொழியிலேயே காது பழகிய ஆள் வேண்டும். எல்லைப் பக்கத்துத் தமிழ் வீட்டுக் குழந்தைக்கு மலையாளச் சொற்களைக் கொடுத்துப் பயிற்சி செய்தால் பாதிதான் பிடிபடும். உங்கள் மகளுக்கு இரண்டு மொழியும் வீட்டுப் பேச்சு. பணம் கொடுத்து வாங்க முடியாத தகுதி அது.

லைசன்ஸ் விஷயத்தில் மட்டும் கறாராக இருங்கள். பட்டம் கையில் இருந்தால் மட்டும் போதாது. இந்திய மறுவாழ்வு கவுன்சில், அதாவது ஆர்சிஐ, வைத்திருக்கும் மத்தியப் பதிவேட்டில் பெயர் ஏற வேண்டும். பதிவில்லாமல் தொழில் செய்தால் 1992ஆம் ஆண்டுச் சட்டப்படி ஓராண்டு வரை சிறைக்கே இடமிருக்கிறது. ஆர்சிஐ அங்கீகாரம் இல்லாத கல்லூரியில் படித்தால் அந்தப் பதிவு கிடைக்காது. அதனால் ஃபீஸ் கட்டுவதற்கு முன், அவள் சேரும் வருஷத்துக்கு அந்தக் கல்லூரிக்கு அங்கீகாரம் இருக்கிறதா என்று ஆர்சிஐ பட்டியலில் நீங்களே பாருங்கள். புரோக்கர் வாய்ச்சொல் வேண்டாம். பதிவையும் அவ்வப்போது புதுப்பிக்க வேண்டும், அதற்குத் தொடர் பயிற்சி வகுப்புகளுக்குப் போக வேண்டும். ஒரு வருஷ டிப்ளமோ போதும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அது உதவியாளர் வேலைக்கான படிப்பு. தானே சோதித்து முடிவு சொல்ல இந்தப் பட்டம் வேண்டும்.

தொடக்கத்தில் சம்பளம் அள்ளிக் கொடுக்காது என்பதையும் மறைக்கவில்லை. ஆனால் கடனில்லாமல் தொடங்குவாள்.

மகள் தலையாட்டினாள். அந்த அம்மா மட்டும், "மாமாகிட்ட என்ன சொல்றது?" என்றார். அவரை ஒரு நாள் கூட்டி வாருங்கள் அக்கா. கணக்கை நானே சொல்கிறேன்.