கேள்வி – பதில்: அமெரிக்க அதிபரின் அதிகாரம்

கேள்வி: அமெரிக்க அதிபர் படைகளை அனுப்புகிறார், நெருக்கடிநிலையை அறிவிக்கிறார், நீதிமன்றமோ சில வேளைகளில் தடுக்கிறது, சில வேளைகளில் விட்டுவிடுகிறது. இவ்வளவு அதிகாரமும் அந்நாட்டு அரசமைப்புச் சட்டம் கொடுத்ததுதானா? – வாசகர், தஞ்சாவூர்.

பதில்: இல்லை. போரை அறிவிப்பதும் நிதி ஒதுக்குவதும் நாடாளுமன்றமான காங்கிரஸின் பொறுப்பு என்றே 1787இல் எழுதப்பட்ட அச்சட்டம் சொல்கிறது. அதிபருக்கான பிரிவு சிறியது; அதிபர் பதவிக்கு ஒருவர் இரு முறைக்கு மேல் தேர்ந்தெடுக்கப்படக் கூடாது என்ற 1951ஆம் ஆண்டுத் திருத்தத்தைத் தவிர, அவரை நேரடியாகக் கட்டுப்படுத்தும் பெரிய மாற்றம் எதையும் எழுத்தில் காண்பதற்கில்லை. அதிபர்கள் பறித்துக்கொண்டதைவிடக் காங்கிரஸ் விட்டுக்கொடுத்ததே அதிகம் என்பது என் கருத்து. காங்கிரஸ் கடைசியாக முறைப்படி போர் அறிவித்தது 1942இல். கொரியாவுக்கும் வியட்நாமுக்கும் அத்தகைய அறிவிப்பு இல்லாமலே படைகள் சென்றன.

நீதிமன்றம் எப்போது தடுக்கும் என்பதற்கு 1952ஆம் ஆண்டு வழக்கே இன்றும் அளவுகோல். கொரியப் போரின்போது, வேலைநிறுத்தத்தால் ஆயுத உற்பத்தி தடைபடும் என்று கூறி அதிபர் ட்ரூமன் உருக்காலைகளை அரசின் வசம் எடுத்தார். உச்ச நீதிமன்றம் 6–3 என்ற பெரும்பான்மையில் அது செல்லாது என்றது. காங்கிரஸின் ஒப்புதல் இருந்தால் அதிபரின் அதிகாரம் உச்சத்தில் இருக்கும், காங்கிரஸ் மௌனமாக இருந்தால் தெளிவற்றிருக்கும், அதன் விருப்பத்துக்கு எதிராக நடந்தால் மிகக் குறைந்துவிடும் என்று நீதிபதி ராபர்ட் ஜாக்சன் அதில் தனியே எழுதினார்.

வியட்நாம் போருக்குப் பின் காங்கிரஸ் விழித்துக்கொண்டது. ஒப்புதலின்றிப் போரில் இறக்கிய படைகளை 60 நாள்களில் விலக்க வேண்டும் என்ற சட்டத்தை அதிபர் நிக்சனின் வீட்டோவையும் (சட்டத்தை மறுக்கும் அதிபரின் அதிகாரம்) மீறி 1973இல் நிறைவேற்றியது. 1976இல் நெருக்கடிநிலைகளுக்கும் ஒரு சட்டம் செய்து, இரு அவைகளும் தீர்மானம் போட்டாலே, அதிபரின் கையொப்பம் இல்லாமல், அறிவிப்பு முடிவுக்கு வரும் என வகுத்தது. இந்த வழியை அடைத்தது, போருக்கோ நெருக்கடிக்கோ தொடர்பே இல்லாத ஒரு குடியேற்ற வழக்கு என்பதுதான் விசித்திரம். கென்யாவில் பிறந்த இந்திய வம்சாவளியினரான ஜகதீஷ் ராய் சட்டா, மாணவர் விசா முடிந்தபின்னும் தங்கியிருந்தார். அவரை வெளியேற்ற வேண்டாம் என்று அதிகாரிகள் முடிவு செய்ய, காங்கிரஸின் இரு அவைகளில் ஒன்றான பிரதிநிதிகள் அவை மட்டும் தன் தீர்மானத்தால் அதை ரத்து செய்தது. சட்டத்தின் விளைவை உண்டாக்கும் எதுவும் இரு அவைகளிலும் நிறைவேறி அதிபரிடமும் செல்ல வேண்டும் என்று 1983இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சட்டா தங்கிவிட்டார், காங்கிரஸோ தன் கையிலிருந்த பிடியை இழந்தது.

விளைவு 2019இல் தெரிந்தது. எல்லைச் சுவருக்குக் கேட்ட நிதியைக் காங்கிரஸ் முழுமையாகத் தராதபோது டிரம்ப் நெருக்கடிநிலையை அறிவித்தார். இரு அவைகளும் அதை முடிவுக்குக் கொண்டுவரத் தீர்மானம் நிறைவேற்றியும், அவர் வீட்டோ செய்தார். அதை முறியடிக்கத் தேவையான மூன்றில் இரு பங்கு வாக்குகள் பிரதிநிதிகள் அவையில் கிடைக்கவில்லை.