வடமோடி ஆட்டம் கணினிக்குள் வருமா?

கேள்வி: எங்கள் ஊரின் மரபுவழி ஆட்டக்கூத்தான வடமோடியை அனிமேஷன் படமாக்க நண்பர்கள் சிலர் விரும்புகிறோம். 'கோச்சடையான்' படத்தில் பயன்பட்ட, ஆளின் அசைவைப் பதிந்து கணினி உருவத்துக்கு ஏற்றும் மோஷன் கப்சர் முறையைப் பெரிய ஸ்டூடியோ இல்லாமல் நாங்கள் கையாள முடியுமா?
- வாசகர், களுவாஞ்சிகுடி

பதில்: முடியும். பெரிய ஸ்டூடியோக்களில் ஆட்டக்காரரின் உடலில் ஒளியைத் திருப்பியனுப்பும் சிறு உருண்டைகளைப் பொருத்தி, சுற்றிலும் நிற்கும் அகச்சிவப்புக் கமராக்களால் அவற்றின் இடத்தை நொடிக்கு 100 தடவைக்கு மேல் அளப்பார்கள். ஓர் உருண்டையின் இடத்தைக் கணிக்க, குறைந்தது இரண்டு கமராக்களுக்கு அது ஒரே கணத்தில் தெரிய வேண்டும். சென்சார் தைத்த உடைகளும் உண்டு. அவற்றுக்குக் கமரா தேவையில்லை என்றாலும், ஆட்டக்காரர் நிற்கும் இடத்தைக் காலப்போக்கில் பிசகாகக் காட்டும், அருகில் இரும்பு இருந்தால் தடுமாறும்.

உங்களுக்கு நான் பரிந்துரைப்பது மூன்று நான்கு கைத்தொலைபேசிகளையும் ஃப்ரீமோகாப் என்ற இலவச மென்பொருளையும்தான். வட்டக்களரியில், அதாவது கூத்தாடும் வட்ட அரங்கில், ஆட்டக்காரர் சுழன்றுகொண்டே இருப்பதால் ஒரு தொலைபேசி போதாது. அவர் முதுகு காட்டும்போது மறையும் கைகளை மென்பொருள் ஊகித்தே நிரப்பும். தொலைபேசிகளைச் சுற்றிவர அசையாமல் நிறுத்தி, சதுரங்கக் கட்டம் போன்ற அளவீட்டு அட்டையை முதலில் எல்லாவற்றுக்கும் காட்டினால், அவை ஒன்றுக்கொன்று எங்கே நிற்கின்றன என்பதை மென்பொருள் கணித்துக்கொள்ளும். காணொளிகளை நேரம் பொருத்த மத்தளத்தின் முதல் அடி உதவும். கிடைக்கும் அசைவை பிளெண்டர் என்ற அனிமேஷன் மென்பொருளில் உங்கள் படத்தின் கணினி உருவத்துக்கு ஏற்றலாம்.

உடுப்புக் கட்டி ஆடும் இரவில் பதிவு செய்யாதீர்கள். இடுப்பிலிருந்து அகன்று விரியும் கரப்புடுப்பு முழங்காலை மறைத்துவிடும். ஆட்டம் பழகும் காலத்தில், உடலோடு ஒட்டிய உடையில், நல்ல பகல் வெளிச்சத்தில், நொடிக்கு 60 சட்டகம் என்ற அளவில் எடுங்கள்; உடுப்பைக் கணினியில் பிறகு அணிவிக்கலாம்.

எனக்கு மிகவும் கவலை தருவது கால்கள்தான். பதிவில் வரும் நடுக்கத்தை நீக்க மென்பொருள் அசைவுகளை மென்மையாக்கும். அந்த மென்மையாக்கலில் நிலத்தை உதைக்கும் மிதியின் கூர்மையும் போய்விடும், பாதம் வழுக்குவதுபோலத் தெரியும். தாளக்கட்டுக்கு விழாத கால் வடமோடி ஆகாது. ஆகவே ஒவ்வொரு மிதியையும் மத்தள ஒலியோடு வைத்துக் கையால் திருத்த வேண்டும். பதிவு செய்வதைவிடப் பல மடங்கு நேரம் இதற்குத்தான் போகும். அந்த வேலையின்போது கூத்தைப் பழக்கும் ஆசிரியரான அண்ணாவியாரை உங்கள் பக்கத்தில் அமர்த்திக்கொள்ளுங்கள். எந்த மிதி பிந்தியது என்பதை அவரால் ஒரு பார்வையிலேயே சொல்ல முடியும். பதிவைத் தொடங்குமுன் அவரதும் ஆட்டக்காரர்களதும் சம்மதத்தைப் பெற்று, அவர்களின் பெயர்களைப் படத்தில் இடுங்கள்.