தமிழ்க் கட்டுரை மட்டும் பாதியில் அறுபடுவது ஏன்?

கேள்வி: கன்னடியன் கால்வாய், நதியுண்ணிக் கால்வாய்ப் பாசனத்தைப் பற்றி எங்கள் பகுதிப் பெரியவர்கள் சொல்பவற்றை இணையப் படிவம் வழியாகத் தொகுத்து வருகிறோம். ஆங்கிலக் கட்டுரைகள் முழுமையாக வந்து சேருகின்றன. அதே அளவுள்ள தமிழ்க் கட்டுரைகளில் பிற்பகுதி காணாமற்போகிறது; அனுப்பியவருக்கு எச்சரிக்கையும் வருவதில்லை. என்ன காரணம்? – வாசகர், அம்பாசமுத்திரம்

பதில்: கட்டுரை வழியில் தொலையவில்லை, தரவுத்தளத்தில் சேமிக்கும்போதுதான் வெட்டுப்படுகிறது என்றே தோன்றுகிறது. மைஎஸ்கியூஎல் தரவுத்தளத்தில் ‘டெக்ஸ்ட்’ வகைப் புலம் (ஒரு தகவலை இட்டுவைக்கும் கட்டம்) 65,535 பைட் வரை கொள்ளும். பைட் என்பது கணினிச் சேமிப்பின் அளவு அலகு. ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட் போதும். எழுத்துகளைக் கணினியில் பதியும் யூடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறியீட்டுக்கும் மூன்று பைட் வேண்டும், அதிலும் உயிர்மெய்யின் துணைக்குறி தனிக் குறியீடாகவே எண்ணப்படும். ‘தாமிரபரணி’ என்பது நமக்கு ஆறு எழுத்து. கணினிக்கு ஒன்பது குறியீடு, 27 பைட். எல்லாச் சொற்களும் அந்த நீளமே என்று வைத்துக்கொண்டால், இடைவெளிகளையும் சேர்த்து 2,340 சொற்களில் புலம் நிரம்பிவிடும். ஊர்க்கதை சொல்லத் தொடங்கிய பெரியவருக்கு அது முன்னுரைக்கே போதாது.

மைஎஸ்கியூஎல் 5.7 முதல், அளவு மீறினால் சேமிக்க மறுத்துப் பிழை காட்டுவதே இயல்பான அமைப்பு. பழைய பதிப்புகளிலும், அந்தக் கண்டிப்பு முறையை அணைத்துவைத்த சர்வர்களிலும் மிச்சத்தை வெட்டிவிட்டு, வெற்றிகரமாகச் சேமித்ததுபோலவே நடந்துகொள்ளும். இந்த மௌனம்தான் என் கண்ணில் பெரிய குற்றம். எழுதியதை இணைய முகவரியோடு சேர்த்து அனுப்பும் ‘கெட்’ முறையைப் பயன்படுத்தி, முகவரி நீண்டிருந்தால் 414 என்றும், சர்வர் ஏற்கும் அளவைத் தாண்டியிருந்தால் 413 என்றும் பிழை வந்திருக்கும். தங்களுக்கு எதுவும் வராததால் அவற்றை விட்டுவிடலாம்.

முதலில் தரவுத்தளத்துக்கு நகல் எடுத்துக்கொண்டு, அந்தப் புலத்தை ‘மீடியம்டெக்ஸ்ட்’ ஆக மாற்றச் சொல்லுங்கள். அது 1,67,77,215 பைட் கொள்ளும். கண்டிப்பு முறையையும் இயக்கச் சொல்லுங்கள். அளவு மீறும் கட்டுரையைப் படிவம் ஏற்காமல், எழுதியதை அழிக்காமல் பெட்டியிலேயே வைத்துக் காரணம் சொல்ல வேண்டும். ஏற்கெனவே வெட்டுப்பட்ட பகுதி சர்வரில் எங்கும் இராது. எழுதியவர்களிடம் மூலப்படி கேட்டுப் பெறுவதே வழி.

கேள்வி: ஒரு மணி நேரம் தட்டச்சு செய்து ‘அனுப்பு’ பொத்தானை அழுத்தினால், மீண்டும் உள்நுழையச் சொல்கிறது, எழுதியதும் போய்விடுகிறது. – வாசகி, பாளையங்கோட்டை

பதில்: பிஎச்பி என்ற நிரல்மொழியில் இயங்கும் தளங்களில் உள்நுழைவுத் தகவலின் இயல்பான ஆயுள் 1,440 நொடி, அதாவது 24 நிமிடம். தாங்கள் தட்டச்சு செய்துகொண்டிருப்பது சர்வருக்குத் தெரியாது. ஆகவே ஆளில்லை என்று முடிவுகட்டிவிடுகிறது. தளத்தை நடத்துபவர்கள், வரைவை உலாவியின் உள்சேமிப்பில் அவ்வப்போது பதிந்துவைக்கும்படி படிவத்தை அமைக்கலாம். பல உலாவிகளில் ஏறத்தாழ 5 எம்பி இடம் உண்டு. நூலகக் கணினிபோல் பலர் பயன்படுத்தும் இடமானால், அனுப்பி முடித்ததும் அந்த வரைவு அழிக்கப்பட வேண்டும். அதுவரை, வேறு கோப்பில் எழுதிச் சேமித்துவிட்டு, உள்நுழைந்த கையோடு ஒட்டி அனுப்புங்கள்.