வாசகர் கேட்கிறார்: செயப்பாட்டுவினை எதற்கு?

கேள்வி: பத்தாம் வகுப்பில் படிக்கும் என் மகள் ஆக்டிவ் வாய்ஸை பாஸிவ் வாய்ஸாக மாற்றும் பயிற்சிகளைப் பிழையில்லாமல் செய்துவிடுகிறாள். ஆனால், பொருள் ஒன்றுதான் என்றால் அதை இரண்டு விதமாக ஏன் சொல்ல வேண்டும் என்று கேட்கிறாள். நாம் தமிழில் பேசும்போது ‘படு’ சேர்த்துப் பேசுவதே இல்லையே?
– வாசகி, மன்னார்குடி

பதில்: இதற்கான விடை வேற்றுமை உருபில் இருக்கிறது. ‘ராஜராஜன் பெரிய கோயிலைக் கட்டினான்’ என்றும் சொல்லலாம், ‘பெரிய கோயிலை ராஜராஜன் கட்டினான்’ என்றும் சொல்லலாம். ‘கோயிலை’ என்பதிலுள்ள ‘ஐ’ உருபு, அச்சொல் எங்கே நின்றாலும் அதுவே செயப்படுபொருள் என்று காட்டிவிடுகிறது. ஆகவே பேச்சு கோயிலைப் பற்றியதாக இருந்தால் அதை முன்னால் வைத்துக்கொள்கிறோம், வினையைத் தொடுவதில்லை. ஆங்கிலப் பெயர்ச்சொல்லுக்கு இத்தகைய உருபு கிடையாது. வினைக்கு முன்னால் நிற்பது எழுவாய், பின்னால் நிற்பது செயப்படுபொருள் என்று இடத்தைக் கொண்டே அம்மொழி பொருள் கொள்கிறது. ‘ஹீ’, ‘ஹிம்’ போன்ற சில சொற்களில் மட்டுமே வேற்றுமையின் சாயல் மிஞ்சியிருக்கிறது. ‘ராஜராஜா பில்ட் தி டெம்பிள்’ என்பதில் சொற்களை முன்பின்னாக மாற்றினால் கோயில் மன்னனைக் கட்டியதாகிவிடும். எனவே கோயிலை முன்னுக்குக் கொண்டுவர விரும்புகிறவர் வினையின் வடிவத்தையே மாற்றி, ‘தி டெம்பிள் வாஸ் பில்ட் பை ராஜராஜா’ என்று சொல்ல வேண்டியிருக்கிறது. உங்கள் மகள் கேட்ட ‘ஏன்’ என்பதற்கு முதல் காரணம் இதுதான்.

செய்தவரைச் சொல்லத் தேவையில்லாத இடங்கள் இரண்டாவது காரணம். குறுவைக்காக ஜூன் 12ஆம் தேதி மேட்டூர் அணையைத் திறப்பது மரபு. அன்று செய்தித்தாள் ‘அணை திறக்கப்பட்டது’ என்று எழுதும். டீக்கடையில் அமர்ந்திருப்பவர் ‘மேட்டூர் திறந்தாச்சு’ என்பார். மதகை யார் உயர்த்தினார் என்பது அங்கே பேச்சில்லை, தண்ணீர் எப்போது கல்லணைக்கு வரும் என்பதுதான் பேச்சு. ‘நாற்று நட்டாச்சு’, ‘நெல் அளந்தாச்சு’ என்பனவும் அப்படியே. நம் பேச்சில் ‘படு’ அரிது என்று நீங்கள் சொல்வது சரிதான். ஆனால் அது செய்யும் வேலையை நாம் செய்யாமல் இருக்கவில்லை. தொல்காப்பிய வினையியல், ‘செயப்படு பொருளைச் செய்தது போலத் தொழிற்படக் கிளத்தலும் வழக்கியல் மரபே’ என்று சொல்லி இப்படிப்பட்ட வழக்கை ஏற்கிறது. ‘திண்ணை மெழுகிற்று’ என்பது உரையாசிரியர் காட்டும் எடுத்துக்காட்டு. திண்ணை எதையும் மெழுகுவதில்லை, அது மெழுகப்படுவது. ஆனாலும் அதையே எழுவாயாக்கிச் செய்வினையால் முடித்திருக்கிறார்கள். எனக்கு மிகவும் பிடித்த எடுத்துக்காட்டு இது.

ஆகவே உங்கள் மகள் தமிழில் ‘படு’ வருகிறதா என்று பார்த்து ஆங்கில வினையைத் தீர்மானிக்கக் கூடாது. ‘மேட்டூர் திறந்தாச்சு’ என்பதில் ‘படு’ இல்லை. ஆங்கிலத்தில் அது ‘தி டேம் ஹேஸ் பீன் ஓபன்ட்’ என்றே வரும். ‘ஆசைப்பட்டான்’, ‘கோபப்பட்டான்’ என்பவற்றில் ‘படு’ இருக்கிறது. ஆனால் அவை செயப்பாட்டுவினை அல்ல. இன்னும் நல்ல சான்று ‘பிறந்தார்’ என்பது. கணித மேதை ராமானுஜன் 1887இல் ஈரோட்டில் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்தார் என்று நாம் இரண்டையும் ஒரே போக்கில் சொல்கிறோம். ஆங்கிலமோ ‘வாஸ் பார்ன்’ என்று முதலாவதைச் செயப்பாட்டுவினையிலும், ‘குரூ அப்’ என்று இரண்டாவதைச் செய்வினையிலும் சொல்கிறது. ‘ஐ பார்ன் இன் கும்பகோணம்’ என்று நம் பிள்ளைகள் எழுதும் பிழை இங்கிருந்துதான் வருகிறது.

பயிற்சிப் புத்தகங்களைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். ‘தே ஓபன்ட் தி டேம்’ என்பதை மாற்றும்போது ‘பை தெம்’ என்று கடைசியில் ஒட்டவைக்கிறார்கள். அதில் இலக்கணப் பிழை இல்லை, பயனும் இல்லை. ‘தே’ என்பது யாரையும் குறிப்பாகச் சுட்டாதபோது ‘தி டேம் வாஸ் ஓபன்ட்’ என்று நிறுத்துவதே இயல்பு. ராமானுஜன் 1918இல் ராயல் சொசைட்டியின் ஃபெல்லோவாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார் என்பதை ‘வாஸ் எலெக்டெட்’ என்றே எழுதுவார்கள். யாரால் என்று எழுதுவதில்லை.

கேள்வி: எங்கள் வாய்க்காலைத் தூர்வாரக் கோரி ஆங்கிலத்தில் மனு எழுதினேன். அதைக் கணினியில் தட்டச்சு செய்த அண்ணன் மகன், பாஸிவ் வாக்கியங்களின் கீழே கோடு விழுகிறது, எல்லாம் தவறு என்கிறான். மாற்ற வேண்டுமா?
– வாசகர், திருத்துறைப்பூண்டி

பதில்: அந்தக் கோடு ஒரு யோசனை மட்டுமே, பிழை என்று பொருளல்ல. ‘தி சேனல் ஹேஸ் நாட் பீன் டீசில்டட்’ என்று எழுதியிருந்தால் அப்படியே விடுங்கள். மனு வாய்க்காலைப் பற்றியது, ஆகவே வாய்க்கால் முன்னால் நிற்பதே முறை. ஆனால் மனுவை நீங்களே நேரில் கொடுத்திருந்தால், ‘எ பெட்டிஷன் வாஸ் கிவன்’ என்பதை எடுத்துவிட்டு, தேதியுடன் ‘ஐ சப்மிட்டட் எ பெட்டிஷன்’ என்று செய்வினையில் எழுதுங்கள். ‘அடுத்த மாதம் பணி தொடங்கும் என்று என்னிடம் சொன்னார்கள்’ என்பதற்கு ‘ஐ வாஸ் டோல்ட்’ என்பது நல்ல ஆங்கிலமே. ஆனால் சொன்னவர் யார் என்பது அதில் மறைந்துபோகிறது. அவர் இன்ன பொறுப்பில் உள்ள பொறியாளர் என்று உங்களுக்குத் தெரியுமானால், அந்தப் பொறுப்பையே எழுவாயாக வைத்து, ‘தி இன்ஜினியர் டோல்ட் மீ’ என்று எழுதி, அவர் சொன்ன நாளையும் சேர்த்துவிடுங்கள்.