கன்சாயில் எந்தக் கண்காட்சிக்கு எப்போது போகலாம்?

ஜப்பானின் கன்சாய் வட்டாரத்து அருங்காட்சியகங்களைப் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் விடையளிக்கிறோம்.

கேள்வி: கன்சாயில் பத்து நாள் தங்கப் போகிறோம். கியோட்டோ, நாரா, ஒசாகா, கோபே ஆகிய ஊர்களில் எந்தெந்த அருங்காட்சியகங்களைப் பார்க்க வேண்டும் என்று வரிசைப்படுத்திச் சொல்வீர்களா?

பதில்: வரிசைப்படுத்தித் தருவதில் எனக்குத் தயக்கம் உண்டு. ஐரோப்பியப் பெரும் அருங்காட்சியகங்களில் புகழ்பெற்ற ஓவியம் பெரும்பாலும் ஆண்டு முழுவதும் ஒரே சுவரில் தொங்கிக்கொண்டிருக்கும். கன்சாயில் நிலைமை வேறு. இங்கே கட்டடத்தை விடக் கண்காட்சி அட்டவணையே முக்கியம் என்பதால், பயண நாள்களை முதலில் உறுதி செய்துகொண்டு, அந்த நாள்களில் எங்கே எது நடக்கிறது என்று பார்த்த பிறகே ஊர்களைப் பங்கிட வேண்டும்.

கியோட்டோ தேசிய அருங்காட்சியகத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 1897இல் திறக்கப்பட்ட அதன் செங்கல் மாளிகையை இப்போது வெளியே நின்று ரசிக்கலாம்; கண்காட்சிகள் நடப்பது தனிகுச்சி யோஷியோ வடிவமைத்து 2014இல் திறக்கப்பட்ட புதிய கட்டடத்தில். வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும் வரும் சிறப்புக் கண்காட்சிக்காக அந்தக் கட்டடம் முழுவதையும் ஒதுக்கிவிடுவதால், அப்போது வழக்கமான சேகரிப்புக் காட்சி இருக்காது. ஒரு கண்காட்சி முடிந்து அடுத்தது தொடங்கும் இடைவெளியில் காட்சிக்கூடங்கள் மூடியே கிடக்கும். திங்கட்கிழமை பெரும்பாலான அருங்காட்சியகங்களுக்கு விடுமுறை. அந்தத் திங்கள் அரசு விடுமுறை நாளாக அமைந்தால் அன்று திறந்துவிட்டு மறுநாள் மூடுவார்கள்.

சிறப்புக் கண்காட்சிதான் சிறந்தது என்ற எண்ணத்தையும் சற்றுத் தளர்த்திக்கொள்ளலாம். அதற்கான கட்டணம் பெரும்பாலும் 2,000 யென் அளவில் இருக்கும். கூட்டமும் தோள் உரசும். சேகரிப்புக் காட்சிக்குக் கட்டணம் அதில் பாதிகூட இராது. ஒரு சிற்பத்தின் முன் விரும்பிய நேரம் நிற்கவும் முடியும். நாள்களை மாற்ற வாய்ப்பிருப்பவர்களுக்குக் கூட்டம் குறைந்த பருவத்தையே நான் பரிந்துரைப்பேன்.

கேள்வி: தவராயா சோதாத்சு வரைந்த காற்றுக் கடவுள், இடிக் கடவுள் மடிப்புத் திரைகளை நேரில் காண ஆசை. கியோட்டோவில் எப்போது சென்றால் காணலாம்?

பதில்: பதினேழாம் நூற்றாண்டைச் சேர்ந்த இந்தத் திரைகள் கென்னின்-ஜி கோயிலுக்கு உரிமையானவை. மூலப் படைப்பு பாதுகாப்புக்காகக் கியோட்டோ தேசிய அருங்காட்சியகத்தில் ஒப்படைக்கப்பட்டிருக்கிறது. கோயிலில் இருப்பது துல்லியமான மின்னணு நகல். மூலம் எப்போதாவதுதான் வெளியே வரும். அதை எடுத்து வைக்கும் கண்காட்சி அறிவிக்கப்பட்டால் அதற்கேற்பப் பயணத்தை அமைக்கலாமே தவிர, பயணத்துக்கு ஏற்ப அது வராது.

இதற்குக் காரணம் அருங்காட்சியகத்தின் கஞ்சத்தனமன்று. இந்தத் திரைகளைப் போல அரசு ‘தேசியப் பொக்கிஷம்’ என்று அறிவித்த படைப்புகளைக் காட்சிக்கு வைப்பது பற்றி ஜப்பானியப் பண்பாட்டு அலுவல்கள் முகமை வகுத்த நெறிப்படி, அத்தகைய படைப்பு ஒன்றை ஆண்டுக்கு இரண்டு முறைக்கு மேல், மொத்தம் 60 நாளுக்கு மேல் பொதுவாகக் காட்டக் கூடாது. காகிதமும் பட்டும் ஒளி பட்டால் நிறம் வெளிறும். வெளிறிய நிறம் திரும்புவதில்லை. ஆகவேதான் நீண்ட கண்காட்சிகளை முற்பகுதி, பிற்பகுதி என்று பிரித்து, நடுவில் ஓவியங்களை மாற்றுகிறார்கள். ஒரே கண்காட்சிக்கு ஒரே தலைப்பில் நுழைவுச்சீட்டு வாங்கியவர்களில், முதல் வாரம் சென்றவர் பார்த்த ஓவியத்தைக் கடைசி வாரம் சென்றவர் பார்க்காமல் போவது இப்படித்தான். எந்தப் படைப்பு எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை என்ற பட்டியலை அருங்காட்சியகமே வெளியிடும். பயணச்சீட்டுக்குப் பணம் கட்டும் முன் அதை வரி வரியாகப் படித்துவிடுங்கள்.

கல், மண், உலோகம் ஆகியவற்றாலான பொருள்களுக்கு 2018இல் இந்த வரம்பு 150 நாள் வரை தளர்த்தப்பட்டது. தேதியை மாற்றவே முடியாதவர்கள் ஓவியத்தை விட மட்பாண்டத்தையும் வெண்கலத்தையும் நம்பிப் போவது நல்லது.

கேள்வி: நாராவில் நடக்கும் ஷோசோயின் கண்காட்சியில் நம் நாட்டோடு தொடர்புடைய பொருள்கள் உண்டு என்கிறார்களே, உண்மையா? அங்குள்ள பெரும் புத்தர் சிலைக்குக் கண் திறப்பு நடத்திய துறவி மதுரைக்காரர் என்றும் படித்தேன்.

பதில்: நம் நாட்டுத் தொடர்பு உண்மைதான். கன்சாயின் எல்லாக் கண்காட்சிகளிலும் தமிழ் வாசகர் ஒருவர் தவறவிடக் கூடாதது எது என்று கேட்டால், நான் இதைத்தான் சொல்வேன்.

756இல் பேரரசர் ஷோமு மறைந்தபின், அவருடைய மனைவி கோம்யோ, அவர் பயன்படுத்திய பொருள்களைத் தோதைஜி கோயிலின் பெரும் புத்தருக்குக் காணிக்கையாக்கினார். அவற்றைக் காத்துவந்த மரக் கருவூலமே ஷோசோயின். ஏறத்தாழ 9,000 பொருள்கள் அதன் சேகரிப்பில் உள்ளன. மண்ணுக்கடியிலிருந்து தோண்டி எடுத்தவையல்ல. தலைமுறை தலைமுறையாகப் பூட்டிப் பாதுகாக்கப்பட்டவை என்பதுதான் அவற்றின் தனிச்சிறப்பு. காற்றில் ஈரம் குறையும் இலையுதிர் காலத்தில் முத்திரையை உடைத்துக் கருவூலத்தைத் திறந்து பொருள்களைச் சரிபார்க்கும் வழக்கம் இருப்பதால், அந்தப் பருவத்திலேயே நாரா தேசிய அருங்காட்சியகத்தில் அறுபது பொருள்கள் அளவில் மக்கள் பார்வைக்கு வைக்கிறார்கள். 1946இல் தொடங்கிய இந்தக் கண்காட்சி அக்டோபர் இறுதியில் ஆரம்பித்து இரண்டு வாரத்துக்குச் சற்றே கூடுதலாக நடக்கும். ஒரு முறை காட்டிய பொருளைப் பத்தாண்டு அளவுக்கு மீண்டும் வெளியே எடுப்பது அரிது.

752இல் பெரும் புத்தருக்குக் கண் திறந்தவர் போதிசேனர். 736இல் சீனா வழியாக ஜப்பான் சேர்ந்த இந்தியத் துறவி அவர். அவருடைய சீடர் 770இல் எழுதிய நினைவு வாசகம் அவரைத் தென்னிந்தியாவைச் சேர்ந்த பிராமணர் என்கிறது. மதுரைக்காரர் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. அதை வரலாறாக எடுத்துக்கொள்வதற்கில்லை. ஆனால், அவர் கையில் பிடித்துக் கண் வரைந்த தூரிகை இன்றும் ஷோசோயினில் இருக்கிறது என்பது வரலாறு. அதில் கட்டியிருந்த நீண்ட நீல நூலைக் கூடியிருந்தவர்கள் பிடித்துக்கொண்டு புண்ணியத்தில் பங்கு பெற்றார்கள். அந்த நூலும் சுருளாகப் பாதுகாக்கப்பட்டுள்ளது. போரில் எரிந்த சிலையைச் சீரமைத்து 1185இல் மீண்டும் கண் திறந்தபோது, ஓய்வுபெற்ற பேரரசர் கோ-ஷிரகாவா அதே தூரிகையைத்தான் எடுத்தார்.

நம் வீட்டுப் பெரியவர்களை வியக்க வைக்கும் செய்தி இன்னொன்று. கோம்யோ காணிக்கையாக்கிய 60 மருந்துகளின் பட்டியலில் மிளகு, திப்பிலி, கடுக்காய் மூன்றும் உள்ளன. நோயுற்றவர்களுக்குத் தேவைப்பட்டால் எடுத்துக் கொடுக்கலாம் என்ற அனுமதியோடு அவை அங்கே வைக்கப்பட்டன. கடல் கடந்து சீனா வரை சென்ற சரக்கு, அங்கிருந்து பௌத்தக் கோயிலின் கருவூலத்துக்குள் நுழைந்த கதை அந்தப் பட்டியலில் அடங்கியிருக்கிறது. செஞ்சந்தன மரத்தில் முத்துச் சிப்பி பதித்துச் செய்த ஐந்து நரம்பு வீணையொன்றும் ஷோசோயினில் உண்டு; அந்த வகைப் பழங்கருவிகளில் உலகில் எஞ்சியிருப்பது அது ஒன்றுதான். ஒட்டகத்தின் மேலமர்ந்து இசைக்கும் மனிதர் ஒருவர் அதில் பதிக்கப்பட்டிருக்கிறார்.

நீங்கள் போகும் ஆண்டில் தூரிகையோ வீணையோ வைக்கப்படும் என்று எதிர்பார்க்க வேண்டாம்; எது வந்தாலும் எட்டாம் நூற்றாண்டின் ஒரு துண்டைப் பார்ப்போம் என்ற மனத்தோடு போங்கள். தேதியும் நேரமும் குறித்த சீட்டை முன்கூட்டியே வாங்கியாக வேண்டும். வாசலுக்கு வந்து அன்றைக்குச் சீட்டு கேட்டால் கிடைக்காது.

கேள்வி: ஒசாகாவில் ஒரே ஒரு நாள் இருக்கிறது. எங்கே போகலாம்?

பதில்: நகாநோஷிமாவுக்கு. இரண்டு ஆறுகளுக்கு நடுவே உள்ள இந்தத் தீவிலேயே பல அருங்காட்சியகங்கள் இருக்கின்றன. காட்சிக்கூடங்களை நிலத்தடியில் அமைத்த தேசியக் கலை அருங்காட்சியகம் தற்காலக் கலைக்கு உரியது. அதன் அருகில் 2022இல் திறக்கப்பட்ட, கருநிறப் பெட்டி போன்ற நகாநோஷிமா கலை அருங்காட்சியகத்தில் மோடிலியானி, சயேகி யூசோ ஆகியோரின் ஓவியங்கள் உண்டு. ஆனால் இரண்டிலும் அன்றைய கண்காட்சியைப் பொறுத்தே மதிப்பு.

என் வாக்கு தீவின் கிழக்குப் பகுதியில் உள்ள கீழைநாட்டு மட்பாண்ட அருங்காட்சியகத்துக்கே. அதகா என்ற வணிக நிறுவனத்தின் பணத்தில், அதன் தலைமையில் இருந்த அதகா எய்இச்சி சீனத்து, கொரியத்து மட்பாண்டங்களாக வாங்கிக் குவித்தார். 1977இல் நிறுவனம் வீழ்ந்தது. கிட்டத்தட்ட ஆயிரம் பாண்டங்கள் சிதறாமல் இருக்க சுமிதோமோ குழும நிறுவனங்கள் அவற்றை ஒசாகா நகருக்கு வழங்கின. அதற்காக நகரம் கட்டிய அருங்காட்சியகம் 1982இல் திறக்கப்பட்டது. புதுப்பிப்புக்குப் பின் 2024இல் மீண்டும் திறக்கப்பட்டது. தேசியப் பொக்கிஷமான எண்ணெய்த்துளிக் கிண்ணம் கரும்பளபளப்பின் மேல் வெள்ளிப் புள்ளிகள் மிதப்பது போலத் தோன்றும். செலடான் எனப்படும் பச்சை மெருகுப் பாண்டங்களை இயற்கை ஒளியில் காட்டும் ஓர் அறையும் இங்கே உண்டு. பச்சையும் நீலமும் கலந்த அந்த மெருகை மின்விளக்கில் பார்த்தவர்கள், பகல் வெளிச்சத்தில் மீண்டும் பார்த்தால் வேறுபாடு புரியும்; எனவே காலையிலோ நண்பகலிலோ செல்லுங்கள்.

கேள்வி: பத்து வயது மகளும் எழுபத்தைந்து வயது மாமியாரும் உடன் வருகிறார்கள். சலிப்படையாமல் இருக்க என்ன செய்யலாம்?

பதில்: கடவுச்சீட்டைக் கையில் வைத்திருங்கள். கியோட்டோ, நாரா தேசிய அருங்காட்சியகங்களின் சேகரிப்புக் காட்சிக்கு 18 வயதுக்கு உட்பட்டோருக்கும் 70 வயது நிறைந்தோருக்கும் கட்டணமில்லை. வயதுக்குச் சான்று கேட்பார்கள். சிறப்புக் கண்காட்சிக்கு விதி வேறு.

மகளுக்குக் கியோட்டோவின் மங்கா அருங்காட்சியகம் போதும். பழைய தொடக்கப் பள்ளிக் கட்டடத்தில் இயங்கும் அங்கே அலமாரிகளில் உள்ள படக்கதைகளை எடுத்துப் புல்வெளியில் அமர்ந்து படிக்கலாம். கோபேயில் அந்தோ தாதாவோ வடிவமைத்து 2002இல் திறந்த ஹியோகோ மாநில அருங்காட்சியகத்தில், சிற்பங்களைக் கையால் தொட்டு உணரும் கண்காட்சி ஒன்று, அதற்கு முன்னோடியான அருங்காட்சியகத்தில் 1989இல் தொடங்கித் தொடர்ந்து நடந்துவருகிறது. பார்வையற்றோரை மனத்தில் வைத்துத் தொடங்கப்பட்டது அது. ‘தொடாதே’ என்றே கேட்டுப் பழகிய குழந்தைகளும் மகிழ்வார்கள்.

கேள்வி: மிஹோ அருங்காட்சியகம் மலைக்குள் இருக்கிறதாம். அரை நாள் செலவழிக்கத் தகுமா?

பதில்: தகும், திறந்திருந்தால். ஷிகா மாநிலத்தின் ஷிகராக்கி மலைப்பகுதியில் கட்டடக் கலைஞர் ஐ. எம். பெய் வடிவமைத்து 1997இல் திறக்கப்பட்ட இந்தக் கட்டடத்தின் பெரும்பகுதி நிலத்தடியில் இருக்கிறது. சுரங்கவழியிலும் தொங்குபாலத்திலும் நடந்துதான் உள்ளே நுழைவீர்கள். எகிப்து முதல் காந்தாரம் வரை பழம்பொருள்கள் உண்டு. இரண்டரை மீட்டர் உயரமுள்ள காந்தாரப் புத்தர் ஒருவரே பயணச் செலவுக்கு ஈடு செய்வார். ஆனால் குளிர்காலம் முழுவதும் மூடிவிடுவார்கள். பருவங்களுக்கு இடையிலும் மூடுவார்கள். கியோட்டோவிலிருந்து ரயிலில் இஷியாமா நிலையம் வரை கால் மணி நேரம், அங்கிருந்து பேருந்தில் ஐம்பது நிமிடம். பேருந்துகள் குறைவு என்பதால், திரும்பும் பேருந்தின் நேரத்தை இறங்கியவுடனே குறித்துக்கொள்ளுங்கள்.